கனடாவில் எரிவாயு ஃபர்னஸுக்கான டக்ட் வேலையை வீட்டுக்காரரே செய்யலாமா?

கிளிநொச்சியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ரொறன்ரோவில் தம்பி பழைய வீடு ஒன்றை வாங்கி, ஃபர்னஸின் காற்று ஓடும் தகரக் குழாய்களை, அதாவது டக்டுகளை, தானே மாற்றப் போகிறாராம், ஆபத்து உண்டா? நானும் கிளிநொச்சிதான். ஒன்பது வருடம் கனடாவில் டக்ட் வேலைக்கு உதவியாளாக நின்றேன். இப்போது ஊரில் வெதுப்பகங்களுக்குப் புகைக்கூடு அடித்துக் கொடுக்கிறேன்.

டக்ட் வேலையில் ஒரு பகுதியைத் தம்பி செய்யலாம். எரிவாயுக் குழாயிலும் புகைக்குழாயிலும் கை வைக்கவே கூடாது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அவை உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் வேலை. டக்டை மாற்ற அனுமதி வேண்டுமா என்று நகரசபையிலும் கேட்டுவிடட்டும்.

ஃபர்னஸைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது வீட்டைச் சூடாக்கும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே எரிவாயு எரிந்து உலோகச் சுவர் ஒன்றைச் சூடாக்கும். அறைகளின் குளிர்ந்த காற்றை விசிறி ஒரு டக்ட் வழியே இழுத்து, அந்தச் சுவரின் மறுபக்கமாகச் செலுத்தி, வேறு டக்டுகளால் திரும்ப அனுப்பும். எரிந்த புகை தனிக் குழாயில் வெளியேறும். ஆக, டக்டில் ஓடுவது வெறும் அறைக் காற்றுத்தான். அதனால்தான் பலரும் 'தகரம்தானே' என்று துணிந்துவிடுகிறார்கள்.

நாங்கள் போன ஒரு வீட்டில், நிலக்கீழ் அறை குளிர்கிறது என்று முன்பு இருந்த யாரோ ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே இழுவை டக்டில் ஒரு சதுர ஓட்டை வெட்டி வைத்திருந்தார். கதவைச் சாத்தினால் விசிறி அந்தச் சின்ன அறையின் காற்றையே உறிஞ்சும். மேலே போக வேண்டிய புகை கீழே இழுபடும். வீட்டம்மா ஒவ்வொரு குளிர்காலமும் தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கச்சான் வீசும் நாள்களில் அம்மாவின் குசினியில் புகைக்கூடு இருந்தும் புகை அடுப்படியிலேயே சுழலும். கண் எரிந்தால் வெளியே ஓடிவிடுவோம். இங்கே ஓடச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எரிந்த புகையோடு வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆகவே ஃபர்னஸ் அறைக்குள் இழுவை வாய் வைக்க வேண்டாம். அந்த அறை வழியாகப் போகும் இழுவை டக்டின் ஒவ்வொரு பொருத்தையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். கடையில் 'டக்ட் டேப்' என்று விற்கும் துணி நாடாவை வாங்க வேண்டாம். 1998இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் டக்ட் பொருத்துகளைச் சூட்டில் வைத்துச் சோதித்தபோது விரைவில் கழன்றது அந்த நாடாதான். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். தூரிகையால் பூசும் மாஸ்டிக் பசை, அல்லது டக்டுக்கென்றே தரம் குறித்த அலுமினிய நாடா போதும். வட்டக் குழாய்க்கு ஒரு பொருத்துக்குக் குறைந்தது மூன்று திருகாணி.

குழாயின் ஒரு முனை சுருக்கு வைத்துச் சற்றுக் குறுகலாக இருக்கும். டக்டில் அந்த முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஊருக்கு வந்து முதல் வெதுப்பகத்துக்குப் புகைக்கூடு அடித்தபோது அதே பழக்கத்தில் சுருக்கு முனையை மேல்நோக்கி வைத்துவிட்டேன். இரண்டு கிழமையில் விறகுப் புகையின் தார் பொருத்துகளில் கசிந்து சுவரெல்லாம் வடிந்தது. விறகுக்குச் சுருக்கு கீழே பார்க்க வேண்டும். தார் குழாய்க்குள்ளேயே அடுப்புக்குத் திரும்பி வடியும். முதலாளி இன்றும் அந்தக் கறையைக் காட்டித்தான் தேநீர் தருகிறார்.

டக்டின் அளவைக் கண்மதிப்பில் முடிவு செய்ய வேண்டாம். சிறிய டக்டில் காற்று தடைப்பட்டால் ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடேறி அடிக்கடி தானாக நிற்கும். வருடக்கணக்கில் அப்படியே ஓடினால் அந்த உலோகச் சுவரில் கீறல் விழவும் கூடும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு இருக்கலாம் என்று பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் அதை அளந்து பார்க்க வேண்டும்.

பழைய வீடு என்றீர்கள். பழைய டக்ட் பொருத்துகளில் வெள்ளைக் கடதாசி போன்ற நாடா ஒட்டியிருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கக்கூடும். நாம் அஸ்பெஸ்டஸ் சீற்றின் கீழ் படுத்தெழும்பியவர்கள், பெரிதாக எடுக்க மாட்டோம். உரித்தால் நுரையீரலைக் கெடுக்கும் தூசு பறக்கும். பரிசோதிக்கும் வரை தொடாமல் விடட்டும். கையுறையும் கட்டாயம், தகர விளிம்பு வெட்டி என் இடது பெருவிரலில் ஏழு தையல் போட்ட அடையாளம் இருக்கிறது.

ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் 2008 டிசம்பரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் பெயரில் 2013இல் வந்த சட்டத்தால்தான் படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. தம்பி வீட்டில் இருக்கிறதா, மணி அடிக்கிறதா என்று இன்றே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். புகை வெளியேறுவது வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயிலா, தகரக் குழாயிலா? பிளாஸ்டிக் என்றால் புதிய வகை. பெரும்பாலும் எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே எடுக்கும், புகை வீட்டுக்குள் திரும்பி இழுபடும் பயம் குறைவு. தகரமாக இருந்து, குழாய் தொடங்கும் இடத்தில் திறந்த வாய் இருந்தால், வீட்டுக் கதவுகளைச் சாத்தி, குசினி விசிறி, குளியலறை விசிறி, உடுப்பு உலர்த்தும் இயந்திரம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஃபர்னஸ் எரியத் தொடங்கிச் சில நிமிடம் கழித்து அந்த வாயருகே ஊதுபத்தியைப் பிடிக்கட்டும். ஊதுபத்திப் புகை அந்த வாய்க்குள் இழுபட வேண்டும். முகத்தை நோக்கித் திரும்பினால் உடனே ஃபர்னஸை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, உரிமக்காரரை அழைக்கட்டும். தகரக் கத்தரியைப் பிறகு எடுக்கலாம்.