கொக்குமில்லை, பிட்டுமில்லை

கேள்வி: சேர், போன மாதம் என் மகனை நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்று, 1974இல் சப்தகன்னி மலையில் மோதிய விமானத்தின் டயரைக் காட்டினேன். விமானி உட்காரும் இடத்துக்குக் 'கொக்பிட்' என்று பெயர் என்றும் சொன்னேன். "கொக்கும் பிட்டுமா அப்பா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
– ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: பையனைத் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பாதிக் கிணறு அவனே தாண்டிவிட்டான். பறவை உண்டு, ஆனால் கொக்கு அல்ல, சேவல். பிட்டு இல்லை, குழி. சேவல்களை மோதவிடும் பள்ளம் என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள்.

இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதே விமானத்தின் காரணமாக. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு. நான் நான்காம் வகுப்பு. எங்கள் தோட்டம் அந்த மலைக்கு எதிர்ப்பக்கம். சத்தம் கேட்டபோது இடி என்றுதான் லயத்தில் எல்லாரும் நினைத்தோம். ஹஜ் யாத்திரைக்காக இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டு, கொழும்பில் இறங்க வேண்டிய விமானம். பயணிகளும் ஊழியர்களுமாக 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. விடிந்ததும் பிரட்டுக் களத்தில் யாரும் கொழுந்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவும் இன்னும் சிலரும் காட்டுக்குள் ஏறிப்போனார்கள். அடுத்த நாள் மாலை திரும்பி வந்தார், கால் நிறைய அட்டைக்கடி. அம்மா சுண்ணாம்பு தடவிவிட்டார். மேலே என்ன பார்த்தார் என்பதை அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

பேப்பர் எங்கள் தோட்டத்துக்கு ஒரு நாள் பிந்தித்தான் வரும். கணக்கப்பிள்ளை படித்து முடித்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரும். அதில்தான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். எங்களுக்கு இருந்தது ஒரே வாத்தியார். கேட்டதும், கரும்பலகையில் சொல்லை இரண்டாக வெட்டி எழுதி, "கோழிக் குழி" என்றார். வகுப்பே சிரித்தது. விமானத்தில் கோழி வளர்ப்பார்களா என்று நாங்கள் பல நாள் அவரைக் கேலி செய்தோம். பேராதனைக்குப் படிக்கப் போய், நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிய அன்றுதான் தெரிந்தது, வாத்தியார் சொன்னது அச்சொட்டாகச் சரி என்று. திரும்பி வந்து சொல்ல அவர் அப்போது உயிரோடு இல்லை.

சரி, சேவலுக்கு வருவோம். நம் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் இரண்டு சேவல்கள் தாமாக மோதிக்கொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் அதற்கென்று வட்டமான களம் கட்டி, சுற்றிலும் ஆட்களை உட்காரவைத்துப் பந்தயம் கட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அந்தக் களத்துக்குக் 'கொக்பிட்' என்ற பெயர் எழுத்தில் வந்துவிட்டது. அரசர்களும் ஆடிய ஆட்டம் அது. 1835இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்குள் சொல் களத்தைவிட்டு வெளியே போய்விட்டது. ஷேக்ஸ்பியர் தன் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் தொடக்கத்தில் நாடக அரங்கையே அந்தப் பெயரால் அழைக்கிறார்: பிரான்சின் பரந்த வெளிகளெல்லாம் இந்தச் சேவல் களத்துக்குள் அடங்குமா என்று. ஓயாமல் போர் நடந்த பூமி என்பதால் பெல்ஜியத்துக்கும் 'ஐரோப்பாவின் கொக்பிட்' என்று ஒரு பெயர் உண்டு.

அங்கிருந்து சொல் கப்பலேறியது. போர்க்கப்பலின் அடித்தட்டில், நீர்மட்டத்துக்குக் கீழே, பகலிலும் விளக்கில்லாமல் முகம் தெரியாத ஓர் இடம். சாதாரண நாளில் இளம் அதிகாரிகள் தங்குவார்கள். சண்டை தொடங்கினால் வைத்தியர் அங்கே மேசை போடுவார், காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்குவார்கள். இடுக்கு, இரைச்சல், இரத்தம். மாலுமிகள் அதற்குச் சேவல் குழி என்று பெயர் வைத்ததற்கு வேறு விளக்கம் வேண்டுமா? 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி டிரபல்கார் கடற்போரில் மேல்தட்டில் குண்டடிபட்ட பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனைத் தூக்கிக்கொண்டு போனது அங்கேதான். சில மணி நேரம் கழித்து அவர் இறந்ததும் 'விக்டரி' கப்பலின் கொக்பிட்டில்தான்.

பிறகு சிறிய பாய்மரப் படகுகளில், பின்புறம் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்துக்கு அந்தப் பெயர் போனது. விமானத்துக்கு வந்தது இந்தப் படகு வழியாகத்தான். ஆனால் முதல் விமானத்தில் குழி கிடையாது. 1903 டிசம்பர் 17ஆம் திகதி ஓர்வில் ரைட் கீழ்ச்சிறகின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் 12 விநாடி பறந்தார். முதலாம் உலகப் போர்க்கால விமானங்களின் படங்களை மகனுக்குக் காட்டுங்கள். உடம்பில் ஒரு துளை, துளையிலிருந்து விமானியின் தலை மட்டும் வெளியே. படகின் பள்ளம் அப்படியே. ஏறக்குறைய 1914 முதல் விமானத்துக்கு இந்தச் சொல் வழங்குகிறது. அதன் பிறகு பந்தயக் கார்களுக்கும் போய்விட்டது. பெரிய பயணிகள் விமானங்களில் 'பிளைட் டெக்' என்று மரியாதையாகச் சொல்வதும் உண்டு. அந்த 'டெக்'கும் கப்பல் தட்டுதான்.

சேவலுக்குச் சம்பந்தமில்லை, பழைய ஆங்கிலத்தில் சிறு படகுக்கும் 'கொக்' என்ற பெயர் உண்டு, அதிலிருந்து வந்தது என்று சிலர் வாதிடுவார்கள். படகோட்டிக்கு உள்ள 'கொக்ஸ்வெயின்' என்ற சொல் அந்தப் படகிலிருந்து வந்தது உண்மை. ஆனால் படகில் பள்ளம் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே சேவல் களம் பெயர் பெற்றுவிட்டது. நான் என் வாத்தியார் பக்கம்.

மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். சோழர் தலைநகரான உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் இருந்தது. அங்கே ஒரு சேவல் யானையை எதிர்த்து வென்றதாம். வாரணம் என்ற சொல் யானைக்கும் பொருந்தும், கோழிக்கும் பொருந்தும் என்பது புலவர்களுக்குக் கிடைத்த லாபம். அந்தக் கோழியூர்ப் புலவர் ஒருவர், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று பாடினார். வலவன் என்றால் தேரோட்டி. ஓட்டுபவன் இல்லாமல் வானில் போகும் வாகனம். நாம் இன்று வானூர்தி என்று சொல்லும் சொல் அந்த வரியிலேயே கிடக்கிறது. இதைக் காட்டி, பழந்தமிழர் ஆளில்லா விமானம் விட்டார்கள் என்று தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். புலவர் பாடும் புகழுடையவர்களுக்கு, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் விண்ணுலகம் போகக் கிடைக்கும் வாகனம் அது. அதில் கொக்பிட்டுக்கு வேலையே இல்லை.

கேள்வி: விமானியைப் 'பைலட்' என்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவரையும் 'பைலட்' என்கிறார்கள். யாரிடமிருந்து யார் இரவல் வாங்கியது?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: விமானிதான் வாங்கினார். துறைமுகத்துக்காரர் நூற்றாண்டுகளுக்கு மூத்தவர். கிரேக்கத்தில் 'பேடோன்' என்றால் திசைதிருப்பும் துடுப்பு. அது இத்தாலி, பிரான்ஸ் வழியாக உருமாறி 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கப்பலைச் செலுத்துபவரைக் குறித்தது. நம் மொழியில் மீகாமன். விமானத்துக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தவர்கள் துறைமுகத்தையே கொள்ளையடித்திருக்கிறார்கள்: கப்டன், குரூ, கெபின், நொட் என்ற வேக அளவு, எயார்போர்ட்டில் உள்ள போர்ட் உட்பட. நாம் மட்டும் என்ன? என் தாத்தா விமானத்தை ஆகாயக் கப்பல் என்றுதான் சொல்வார். லயத்தில் நாம் காம்பரா என்கிற அறைகூட போர்த்துக்கேயன் விட்டுப்போனதுதான்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மைதானத்தில் தேர்தலுக்கு ஹெலிகொப்டர் இறங்கியது. 'ஹெலி' என்றால் சூரியன் என்று நண்பன் சொல்கிறான். சரியா?
– ஒரு மாணவன், பொகவந்தலாவை

பதில்: நண்பன் கத்தியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டான். அவன் மட்டுமல்ல, ஹெலிபேட், ஹெலிபோர்ட் என்று பெயர் வைத்தவர்களும் அங்கேதான் வெட்டினார்கள். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஹீலியோஸ்', இது வேறு. 'ஹெலிகோ' ஒரு துண்டு, 'ப்டர்' மறு துண்டு. முன்னது சுருள், திருகு. பின்னது சிறகு. சேர்த்தால் திருகுச் சிறகு. 1861இல் போன்டோன் டமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் உண்டாக்கிய பெயர். ஆள் ஏறிப் பறக்கும் ஹெலிகொப்டர் வர அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பெயர் முதலில் பிறந்து, பிள்ளை பிறகு பிறந்த கதை. சிறகைக் குறிக்கும் அந்தப் 'ப்டர்', என்றோ அழிந்துபோன பறக்கும் பல்லியான டெரோடாக்டில் என்ற பெயரின் தலையிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அங்கே முதல் 'ப்' எழுத்தை எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடுவதால் காதுக்குத் தெரியாது.

இலங்கைத் தமிழில் நாம் உலங்கு வானூர்தி என்கிறோம். உலங்கு என்றால் பழைய அகராதிகளில் பெரிய கொசு. அடுத்த தேர்தலில் அது மைதானத்தைச் சுற்றி இரையும்போது கேட்டுப்பார்.