ஆலை மண்ணில் வீடு – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் கப்பல் கட்டும் தளம் இருந்த இடத்தில் வீடுகள் கட்டியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோவைக்காரன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பஞ்சாலை இருந்தது. அப்பா அங்கே சாய டிபார்ட்மென்ட்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். ஆலை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அங்கே பதினான்கு மாடி அபார்ட்மென்ட் வரப்போகிறது. விளம்பரத்தில் 'இயற்கையின் மடியில்' என்று போட்டு நீச்சல்குளத்தையும் புல்தரையையும் காட்டுகிறார்கள். காம்பவுண்டுக்குள் இருந்த வேம்பிலும் புங்கனிலும் பாதியைப் போன மாதம் வெட்டியாகிவிட்டது. மயில் வந்துகொண்டிருந்த இடம் அது.

அங்கே ஒரு ஃப்ளாட் புக் செய்யலாமா என்று யோசிக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். மால்மோ மாதிரி இங்கே செய்ய முடியுமா, இல்லை அது பணக்கார நாட்டுக் கதையா? வாங்குகிறவன் எதைத்தான் கேட்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அப்பா வேண்டாம் என்கிறார் என்ற வரியில் நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மால்மோவில் நடந்தது இது. மேற்குத் துறைமுகம் என்று சொல்லப்படும் அந்தப் பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். கொக்கும்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தை நம்பித்தான் ஊரே இருந்தது. 1980களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 138 மீட்டர் உயர கிரேன் ஒன்று மிச்சமாக நின்றது. அதை ஒரு டாலர் விலைக்குத் தென்கொரியாவின் உல்சானில் உள்ள ஹூண்டாய் கப்பல் கட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்து, 2002இல் பிரித்து ஏற்றி அனுப்பினார்கள். உல்சானில் அந்த கிரேனுக்கு 'மால்மோவின் கண்ணீர்' என்று பெயர். அதற்கு ஒரு வருடம் முன்பே, 2001இல், அந்த நிலத்தின் ஒரு பகுதியில் 'போ01' என்ற வீட்டுக் கண்காட்சி திறந்துவிட்டது. கண்காட்சி என்றால் முடிந்ததும் பிரித்துப்போடுவது அல்ல; குடியிருப்பதற்கென்றே கட்டிய வீடுகள்.

கடல் காற்றைத் தடுக்க மேற்கு ஓரத்தில் உயரமான வரிசை, உள்ளே வளைந்து போகும் சந்துகள், சின்ன வீடுகள். அழகுதான், ஆனால் நான் சொல்ல வந்தது கட்டடங்களைப் பற்றி அல்ல. ஒவ்வொரு மனைக்கும் அவர்கள் போட்ட கணக்கு ஒன்று உண்டு. தார், கான்கிரீட் மூடிய தரைக்கு மதிப்பு பூஜ்யம். கீழே ஆழம்வரை மண் இருந்து, அதில் செடி வளர்ந்தால் மதிப்பு 1. கான்கிரீட் தளத்தின் மேல் மண் கொட்டி வளர்த்தால் அதைவிடக் குறைவு. எல்லாவற்றையும் பரப்பால் பெருக்கிக் கூட்டி, மனையின் மொத்தப் பரப்பால் வகுத்தால் குறைந்தது 0.5 வரவேண்டும். பெர்லினில் முன்பே இருந்த முறையிலிருந்து எடுத்தது இது. இது போதாதென்று 35 அம்சங்கள் உள்ள ஒரு பட்டியலையும் கொடுத்து, பில்டர் ஒவ்வொரு முற்றத்துக்கும் அதில் பத்தையாவது செய்தாக வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பறவைக் கூடு, வௌவால் தங்கப் பெட்டி, தவளை பனிக்காலத்தைக் கழிக்க இடம், ஐம்பது வகை காட்டுப் பூச்செடி என்று போகிறது அந்தப் பட்டியல்.

ஆழமான மண்ணுக்கு ஒரு மதிப்பு, தளத்தின் மேல் கொட்டிய மண்ணுக்கு வேறு மதிப்பு. இந்த வித்தியாசத்தை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் பதினான்கு மாடியின் பிளானை வாங்கிப் பாருங்கள். அநேகமாக பேஸ்மென்ட் மனையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போகும். அதன் கூரையில் ஒன்றரை அடி மண் போட்டு, மெக்சிகன் புல் விரித்து, நாலு பாம் மரம் நட்டு அதற்குப் பெயர் தோட்டம். சுற்றி விடுகிற செட்பேக்கில் தீயணைப்பு வண்டி போக வழி வேண்டும், அதனால் அங்கே பேவர் கல். உண்மையான தரை எங்கே இருக்கிறது? நம் விதிப்படி 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதம் திறந்தவெளியாக விடவேண்டும். அந்தப் பத்து சதவீதத்தை எந்த மூலையில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வெட்டிய மரங்கள் நின்ற பக்கமாக இருக்காது. பேஸ்மென்ட்டை எங்கே தோண்டக்கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு கட்டடத்தை வரைவதுதான் சரியான முறை என்பேன். உங்கள் ஆலையில் அப்படி வரைந்திருந்தால் அந்த வேம்புகள் நின்றிருக்கும்.

ஆனால் ஆலை நிலத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய சாயப்பட்டறை இடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஜேசிபி ஆறடி தோண்டியிருந்தது. மேலே ஓரடி கிராவல், அதற்குக் கீழே சாம்பல் கலந்த மண், அப்புறம் நீலமும் கறுப்புமாகக் கோடு கோடாகக் களிமண். அழுகின முட்டை வாசம். மேஸ்திரி ஒரு கட்டியை எடுத்து உடைத்துக் காட்டினார். கையைக் கழுவிய பிறகும் ரேகைக்குள் நீலம் போகவில்லை. கையில் இருந்த வரைபடத்தைப் பார்க்கிறேன், மழைநீர் ரீசார்ஜ் கிணறு சரியாக அந்த இடத்தில் போட்டிருக்கிறது. மண்ணைப் பரிசோதிக்கும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் நாலு லோடு கிராவல் அடித்து மூடிவிட்டு வேறொருவரை வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தக் கிணறு இன்றும் ஒவ்வொரு மழைக்கும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மழைநீரை நிலத்தில் இறக்குவது நல்லது என்று இருபது வருடமாகச் சொல்லிப் பழகிவிட்டோம், நல்லதுதான். விஷம் ஊறிய மண்ணுக்குள் இறக்கினால் அதே நீர் விஷத்தைக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டுபோய்விடும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் குரோமியம் இறங்கிச் சுற்றுவட்டாரத்தின் நீரைக் கெடுத்தது ஊரறிந்த விஷயம். மால்மோவில் மழைநீர் எப்படிப் போகிறது என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கூரையில் இருந்து இறங்கி முற்றத்துக் குட்டைக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு சாண் அகலக் கல் வாய்க்காலில், கண்ணுக்குத் தெரியும்படி, வாசல்களைத் தொட்டுக்கொண்டே ஓடிக் கடலில் கலக்கிறது. பாதாளக் குழாய் இல்லை. பழைய தொழிற்சாலை மண்ணில் இதுதான் பத்திரமான வழி. நீரை மேலாகவே ஓடவிடலாம். மண் சுத்தம் என்று தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே மட்டும் இறக்கலாம்.

'மண் பரிசோதனை செய்தாச்சு சார்' என்று சேல்ஸ் ஆபீஸில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அஸ்திவாரத்துக்கான பரிசோதனை. மண் எத்தனை டன் தாங்கும் என்றுதான் அது சொல்லும், மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. இரண்டும் வேறு வேறு. குரோமியம், ஈயம், எண்ணெய், கரைப்பான்கள் இவற்றுக்கெனத் தனியாக, பல ஆழங்களில் எடுத்த மண்ணின் ரிப்போர்ட்டையும் பழைய போர்வெல் தண்ணீரின் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள். ஆலைக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். உடைத்து அங்கேயே ஃபில்லிங்கில் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட் இருந்துவிட்டால் வரைவது ஒன்றும் கஷ்டமில்லை. மிக மோசமான மண்ணை வெட்டி எடுத்துக் கழிவுக்கென உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஓரளவு கெட்ட இடத்தின் மேல் சாலையும் பார்க்கிங்கும் வரட்டும், அவையே மூடியாகிவிடும். சுத்தமான இடத்தைத் திறந்த மண்ணாக விடவேண்டும். எண்ணெயும் கரைப்பானும் ஊறிய இடத்தின் மேல் மட்டும் வீடு கூடாது, அவை ஆவியாகி வீட்டுக்குள் ஏறி வரும்.

பணக்கார நாட்டுக் கதையா என்று கேட்டீர்கள். போ01ஐப் பொறுத்தவரை பாதி அப்படித்தான். கப்பல் தளத்தில் வெல்டிங் செய்தவர்கள் வாங்கக்கூடிய விலையில் அந்த வீடுகள் இல்லை. மின்சாரமும் வெப்பமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 105 யூனிட்டுக்குள் என்று இலக்கு வைத்தார்கள். நிறையக் கட்டடங்கள் அதைத் தாண்டிவிட்டன. ஆனால் அதே மால்மோவில் ஆகஸ்டன்போர்க் என்று ஒரு பேட்டை இருக்கிறது. 1950 வாக்கில் கட்டிய சாதாரண வாடகைக் குடியிருப்பு, மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். 1998 முதல் அங்கே திறந்த வாய்க்கால்களும் குட்டைகளும் பச்சைக் கூரைகளும் போட்டார்கள். 2014 ஆகஸ்டில் நகரமே மூழ்கிய பெருமழையில் அந்தப் பேட்டைக்குச் சேதம் குறைவு. ஆழமான மண்ணை விட்டுவைக்கவும் வாய்க்கால் வெட்டவும் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை. செய்தே ஆகவேண்டும் என்று சொல்ல ஒரு அதிகாரி வேண்டும், அவ்வளவுதான்.

மயில் திரும்பி வராது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இருபது வருடம் சும்மா கிடந்த நிலத்தில் மயில் மட்டுமா இருந்தது? மதிலோரத்து எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டிருக்கும். பழைய சுவர்ப் பொந்தில் ஆந்தை இருந்திருக்கும். புல்டோசர் வருவதற்கு முன் ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் அங்கே நடந்து பார்த்து எழுதிவைக்க ஒருவரை அனுப்பியிருந்தால் போதும். மிச்சமுள்ள பாதி மரங்களையாவது காப்பாற்றப் பாருங்கள். நடுவதென்றால் புங்கனும் ஆவாரையும் நடச் சொல்லுங்கள். முற்றத்தில் ஒரு கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தாலே வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குச் சாப்பாடு ஆகிவிடும்.

இனி அப்பா. முப்பத்தொரு வருடம் சாய டிபார்ட்மென்ட்டில் இருந்தவருக்குச் சாயத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போனது, எந்தக் கிணற்றை எந்த வருடம் மூடினார்கள், டிரம்களை எங்கே கவிழ்த்தார்கள் என்பதெல்லாம் தெரியும். மண் எடுக்க வரும் லேப் பையனுக்கு அது தெரியாது. அவன் சுலபமாகத் துளை போடக்கூடிய இடத்தில் போட்டுவிட்டுப் போவான். ஏன் வேண்டாம் என்று அப்பாவிடம் இனிமேல் கேட்காதீர்கள். பிளானின் ஒரு பிரதியையும் ஒரு பென்சிலையும் அவர் முன்னால் வைத்து, பாய்லர் எங்கே இருந்தது என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவரே குறிப்பார். குறித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எங்கெங்கே மண் எடுக்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.