கட்டியை உறைய வைத்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. வலது சிறுநீரகத்தில் இருந்த இரண்டரை சென்டிமீட்டர் புற்றுக்கட்டியை ஊசி வழியே உறைய வைத்தார்கள். ‘உறைந்த கட்டியே தடுப்பூசி ஆகிவிடும், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்ததாம். இனி ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறார். அது உண்மையா, அம்மா?
– ஒரு மகன், ஈசூன்

பதில்: தம்பி, ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள். காணொளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. என் கவலையே அதுதான்.

அறுவை அரங்கில் தாதியாக இருந்த காலத்தில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஊசிமுனையில் ஆர்கான் வாயு விரிந்து கடுங்குளிர் உண்டாகும். சிடி திரையில் பனிப்பந்து கருமையாகத் திரளும். அதன் விளிம்பில் குளிர் ஏறக்குறைய 0 டிகிரிதான். புற்றுச் செல்கள் உறுதியாகச் சாக மைனஸ் 40 வரை போகவேண்டும். ஆகவே கட்டியின் எல்லையைத் தாண்டிப் பந்தை வளரவிட்டு, உருகவிட்டு, மறுபடியும் உறைய வைப்பார்கள். அப்படியும் ஓரத்தில் ஏதேனும் தப்பியதா என்பதை ஸ்கேனில்தான் பார்க்கமுடியும். சாயமருந்து ஏற்றியதும் செத்த பகுதி மங்கலாகவே கிடக்கும். உயிருள்ள பகுதி வெளுத்துத் தெரியும்.

இனி, எதிர்ப்பாற்றல். சூடு புரதங்களை உருக்குலைக்கும்; குளிர் அப்படிச் செய்வதில்லை. உடைந்த செல்களிலிருந்து கசியும் புரதங்களை, எதிர்ப்பாற்றலின் காவலர்களான டென்ட்ரைட்டிக் செல்கள் எடுத்துப்போய், புற்றைத் தாக்கும் வெள்ளையணுக்களான டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. 1970 வாக்கில் அமெரிக்காவில், புராஸ்டேட்டை உறைய வைத்தபின் சிலருக்கு வேறிடங்களில் பரவியிருந்த புற்றும் சுருங்கியதாக மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் அது அபூர்வம். டி செல்களை அடக்கிவைக்கும் வழிகள் புற்றுக்கு உண்டு. அந்த அடக்குதலை நீக்கும் பெம்புரோலிசுமாப் போன்ற மருந்துகளை உறைய வைப்பதுடன் சேர்த்து ஆராய்வதே அதனால்தான்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: சிறுநீர்ப்பைப் புற்றுக்கு, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி மருந்தை உள்ளே செலுத்தி எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது 1976 முதல் அறியப்பட்ட, நன்கு நிரூபணமான சிகிச்சை. அதைப் பெறுகிறவர்களுக்கே கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

அவருடன் வாதாடவேண்டாம். கூடவே போங்கள், சிகிச்சைக்கு முன்பு எடுத்த படத்தையும் புதிய படத்தையும் அருகருகே காட்டும்படி மருத்துவரைக் கேளுங்கள். இடையில் காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ கண்டால், ஸ்கேன் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.