புனேவுக்குக் கிளம்பும் முன் அந்த செக்கை வாங்குங்கள்

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 14 மாதங்களாக வேலை பார்க்கிறேன். சேரும்போது இரண்டு ஆண்டுக்கு பாண்டு எழுதி வாங்கினார்கள். இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டுமாம். டிகிரி சான்றிதழையும், கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசுகிறார். சொன்ன சம்பள உயர்வும் வரவில்லை. இப்போது புனேவில் வேலை கிடைத்திருக்கிறது. "பாண்டெல்லாம் செல்லாது, பேசாமல் கிளம்பு, வேறு மாநிலத்துக்குப் போனவனை என்ன செய்வார்கள்" என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மேலாளரைப் பற்றித்தான். படிக்கும்போது எனக்கும் மனம் கஷ்டப்பட்டது. ஆனால் அதில் ஒரு வரிகூட இந்தப் பிரச்சினையில் உங்களுக்குக் கைகொடுக்காது. போகிற போக்கில் ஒரு செக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அது ஒன்றுதான் விஷயம்.

பாண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, எழுதி வைத்த 2 லட்சமும் அப்படியே அவர்களுக்குக் கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், 2 லட்சம் என்பது அதற்கு உச்சவரம்பு. அதற்காக, பாண்டே செல்லாது என்பதும் தப்பு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் சரி என்றே சொன்னது. அது பொதுத்துறை வங்கி, உங்கள் கதை வேறு என்று வாதாடலாம். எப்படியும் அது சிவில் வழக்கு. நஷ்டத்தை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஒரு வக்கீல் நோட்டீஸில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும் பல்கலைக்கழகத்தில் மறுபிரதி வாங்கலாம்.

செக் அப்படியல்ல. வெற்று செக்காக இருந்தாலும், நீங்களே மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது, சிவில் வழக்கில் அவர்கள் தலையில் இருந்த சுமை இங்கே உங்கள் தலைக்கு மாறுகிறது. தேதி போட்ட செக் மூன்று மாதம்தான் செல்லும், தேதி போடாத செக்குக்கு அந்தக் கணக்கும் ஓடாது. நீங்கள் புனேவில் செட்டிலாகி ஒரு வருடம் கழித்து ஒரு தேதியையும் 2 லட்சத்தையும் எழுதி வங்கியில் போடலாம். கணக்கை மூடினாலும், 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும் செக் திரும்பியதற்குக் குற்ற வழக்குப் போட வைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவிலிருந்து தப்ப முடியாது. இரண்டையும் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேறு மாநிலம் போவது உங்களுக்குப் பாதுகாப்பு அல்ல. அங்கேதான் ஆபத்தே. 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைக் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. உங்கள் விஷயத்தில் அநேகமாக சென்னை. செக் திரும்பியதும் பணம் கேட்டு அவர்கள் அனுப்பும் நோட்டீஸ் நீங்கள் காலி செய்த அறைக்கும் சொந்த ஊருக்கும் போகும். "கதவு பூட்டியிருந்தது", "ஆள் ஊரில் இல்லை" என்று தபால்காரர் எழுதித் திருப்பினாலும் உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே கருதப்படும். அடுத்து சம்மன், அதன்பின் பிடிவாரண்ட்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. குருகிராமில் வேலை. பொங்கலுக்கு முந்தைய நாள், ஊரில் அப்பா வாசலில் வெள்ளையடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வாரண்டோடு வந்து நின்றார்கள். கையில் சுண்ணாம்பு மட்டையோடு அவர் என்ன பதில் சொல்வார்? வாரண்டைத் திரும்பப் பெற வைத்துவிட்டோம். ஆனால் அதன்பின் வாய்தாவுக்கு வாய்தா விமானச் செலவு, லீவு, இடையில் செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்டு ஒரு மனு. கடைசியில் செக் தொகை முழுவதையும் கட்டித்தான் அந்தப் பையன் சமரசம் ஆனான். தொடக்கத்திலேயே பேசியிருந்தால் பாதித் தொகையில் முடிந்திருக்கும்.

ஆகவே தம்பி, சண்டை போடாமல் பேசி முடியுங்கள். உங்களுக்கு மீதி இருப்பது பத்து மாதம். விகிதப்படி சுமார் 83,000 ரூபாய் வருகிறது. 50,000-ல் பேச்சைத் தொடங்குங்கள், 80,000 வரை போனாலும் கொடுத்துவிடுங்கள். புது நிறுவனத்திடமும் கேளுங்கள், பாண்டு தொகையை ஏற்றுக்கொள்பவர்கள் உண்டு. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். செட்டில்மென்ட் கடிதத்தில் செக் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த செக் திருப்பித் தரப்பட்டது, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று எழுதி வாங்குங்கள். 'கிழித்துப் போட்டுவிட்டோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அசல் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

பேச்சு முறிந்தால், செக் எந்தச் சூழ்நிலையில், எதற்காக வாங்கப்பட்டது என்று சொல்லி, திருப்பிக் கேட்டு இப்போதே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பின்னால் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆவணம் அதுவாகவே இருக்கலாம். புனே முகவரியை நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் தபாலிலும் தெரிவியுங்கள். ஒளிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த போன் நம்பரை மாற்ற வேண்டாம், செக் திரும்பியது முதலில் தெரிவது அந்தக் குறுஞ்செய்தியில்தான். ஒருவேளை நோட்டீஸ் கைக்கு வராமல் நேரடியாக சம்மனே வந்தால், அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டினால் புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்க வழி இருக்கிறது.

இன்று செய்ய வேண்டியது: பழைய செக் புத்தகத்தை எடுத்து, அந்த செக்கின் எண் என்ன என்று பாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.