1903-இன் 'அசல்' ரீல் 16 மி.மீ.-இல் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்க மௌனக் கௌபாய் குறும்படங்களின் ரீல்களைச் சேர்க்க ஆசை. 'தி கிரேட் டிரெய்ன் ராபரி'யின் 16 மி.மீ. ரீலை, 1903-இல் எடுத்த அசல் பிரதி என்று சொல்லி ஒருவர் பெரிய விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். கோடாக் 16 மி.மீ. ஃபிலிமை வெளியிட்டதே 1923-இல்தான். 1903 பிரதி, எளிதில் தீப்பற்றும் 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிமாகத்தான் இருக்க முடியும். அவர் காட்டுவது வீட்டுப் புரொஜெக்டருக்காகப் பின்னாளில் போட்ட நகல்.

எந்தக் காலத்து நகல்? கோடாக் ஃபிலிம் என்றால் ஓரத்தில் இருக்கும் ஆண்டுக் குறியைப் பாருங்கள். வட்டம் மட்டும் இருந்தால் 1936, 1956 அல்லது 1976, சதுரம் மட்டும் என்றால் 1937, 1957 அல்லது 1977. குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பழைய நெகட்டிவின் குறியும் சேர்ந்து பதிவாகியிருக்கலாம். பொதுவாகக் கருப்பாகத் தெரிவதே இந்த ஃபிலிமின் சொந்தக் குறி.

நீளத்தையும் கேளுங்கள். படத்தைத் தயாரித்த எடிசன் நிறுவனம் விற்ற 35 மி.மீ. பிரதி 740 அடி. 16 மி.மீ.-இல் அது 300 அடிக்குச் சற்றுக் குறையும். 200 அடிதான் என்றால் பாதியில் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. கொள்ளைக்காரன் நம்மைப் பார்த்துச் சுடும் ஷாட் முதலில் வருகிறதா, கடைசியிலா என்பதை வைத்து அசலை முடிவுசெய்ய வேண்டாம். எங்கே ஒட்டினாலும் சரி என்று எடிசன் விற்பனைப் பட்டியலே திரையிடுபவர்களிடம் விட்டுவிட்டது. எனக்குப் பிடித்த சங்கதி அது!

டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி வந்தால் ஃபிலிமின் அசிடேட் (நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த, எளிதில் தீப்பற்றாத அடித்தளம்) சிதைகிறது. மற்ற ரீல்களோடு வைக்காதீர்கள். 35 மி.மீ. நைட்ரேட் கைக்கு வந்தால் புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது. அது பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஆவணக் காப்பகம் ஒன்றிடம் பேசிவிடுங்கள்.

புகழ்பெற்ற படத்துக்கு நகல் ஏராளம். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சேகரிப்பாளர் தேட வேண்டியது பெயர் தெரியாத ஒரு ரீல் படங்களை. இதே ரயில் கொள்ளைப் படத்தில் துண்டு வேடங்களில் வந்த ஆண்டர்சன், 1907-இல் எஸ்ஸனே படநிறுவனத்தின் பங்காளியாகி, 'பிராங்கோ பில்லி' என்ற கௌபாய் பாத்திரமாகக் கலிபோர்னியாவின் நைல்ஸ் ஊரில் படங்களைக் குவித்தார். டெக்சஸின் சான் அன்டோனியோவில் காஸ்டன் மெலியெஸ் என்ற தயாரிப்பாளரின் குழு எடுத்த 'பில்லி அண்ட் ஹிஸ் பால்' (1911) நியூசிலாந்தில் கிடைத்தது. ஓடி முடித்த பிரதியைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப யாரும் செலவழிக்கவில்லை, அதனால் பிழைத்தது. அப்படியொரு ரீல், தேய்ந்த 16 மி.மீ. நகலாக வந்தால்கூட நான் யோசிக்காமல் வாங்குவேன்.

உங்கள் ரீலுக்குச் சாதாரண நகலின் விலையைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால், ஓரத்துளைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.