மகளைப் பெண்கள் கோடைமுகாமுக்கு அனுப்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வகுப்புத் தோழி ஆண்டுதோறும் போய்வரும், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பெண்பிள்ளைகள் வாரக்கணக்கில் தங்கும் கோடைமுகாமுக்குத் தானும் போக வேண்டும் என்று உங்கள் பத்து வயது மகள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றரை வாரம் விடலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, செலவு தகுமா, கைப்பேசியே கூடாதாமே என்று கேட்டுவிட்டு, "அழுதால் உடனே வந்து அழைத்துப்போகிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்" என்று முடித்திருக்கிறீர்கள். நான் மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டரில் பள்ளிச் செவிலியர். பள்ளி விடுமுறையில் ஐந்து கோடைகள் அப்படிப்பட்ட ஒரு முகாமில் வேலை பார்த்தேன். சம்பளம் குறைவுதான் என்றாலும், மகளுக்குக் கட்டணம் வாங்கமாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

படிவத்தில் சைவம் என்று எழுதிவிட்டால் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வார்கள். செலவு அதிகம்தான்; ஏழு வாரம் என்றால் பல முகாம்களில் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். உதவித்தொகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் அந்தக் கடைசி வாக்கை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டு ஏக்கம் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சமாவது வரும், பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் "வந்து அழைத்துப்போவோம்" என்ற வாக்கைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளை முகாமுக்குள் நுழைவதே இல்லை, முதல் நாளிலிருந்து சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் அப்படி ஒப்பந்தம் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. அதற்குப் பதிலாக முன்கூட்டியே சில இரவுகள் பிள்ளையை வேறு வீட்டில் தங்கவைத்துப் பழக்கச் சொல்கிறது.

எனக்கு இதை அறிக்கை சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. 2006 ஜனவரியில் நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது, என்னை அழைத்துவந்த ஏஜென்சி சொன்ன வீடு ஒன்று, கொடுத்த இடம் வேறொன்று. முதியோர் இல்லத்தில் இரவுப்பணி முடித்துப் பனியில் நடந்துவந்து, தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தினால், "பிடிக்கலேன்னா வந்திரு மக்களே" என்பார் அம்மா. அன்பால் சொன்ன வார்த்தை அது. ஆனால் அது காதில் இருந்தவரை நான் பெட்டியைப் பிரிக்கவில்லை; எப்படியும் போகப்போகிறோமே என்று பனிக்கான காலணிகூட வாங்கவில்லை. ஒருநாள் அப்பா தொலைபேசியை வாங்கி, "ரெண்டு வருஷம் இருந்து பாரு, பெறவு பேசலாம்" என்றார். மறுநாள் காலணி வாங்கினேன்.

உங்கள் மகளுக்குக் காத்திருப்பது கடுமையான இடம் அல்ல, ஒழுங்கான இடம். காலையில் மணி அடிக்கும், கொடியேற்றம் இருக்கும், மரக்குடிலைப் பெருக்குவது யார், கழிப்பறையைக் கழுவுவது யார் என்று முறை போட்டு எழுதியிருக்கும். ஏரித் தண்ணீர் ஜூலையிலும் விறைக்கும். நீச்சல் சோதனை முடியாமல் ஆழத்துக்கு விடமாட்டார்கள்; ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு, விசில் ஊதியதும் இருவரும் கைகோத்து உயர்த்திக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்குமேல் நான் நீந்தக் கற்றுக்கொண்டதும் அந்த ஏரியில்தான், அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மேய்னில் வையோனிகானிக் என்ற பெண்கள் முகாம் 1902-இலும், வெர்மான்ட் மாநிலத்தில் அலோஹா என்ற முகாம் 1905-இலும் தொடங்கியபோது, பெண்கள் தரைதொடும் பாவாடையோடு நடந்த காலம். அங்கே பெண்பிள்ளைகளுக்குத் ப்ளூமர் என்ற தொளதொளத்த கால்சட்டையைப் போட்டுக் கையில் துடுப்பைக் கொடுத்தார்கள். இன்றும் தோணிப் பயணத்தில் ஏரிக்கும் ஏரிக்கும் இடையே தோணியைத் தோளில் தூக்கி நடப்பது அந்தப் பெண்கள்தான். தூக்கித்தர ஆண்பிள்ளை யாரும் இல்லை என்பதே பெண்கள் முகாமின் முழுப் பயன் என்று நான் நினைக்கிறேன்.

நம்மவர்களில் பலர் கோடை முழுவதையும் கணக்கு வகுப்பு, ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டிக்கான பயிற்சி, கோடிங் என்று நிரப்பிவிடுகிறார்கள். அதில் எனக்கு நெடுநாள் வருத்தம். அனுப்புகிறவர்களும், முகாம் வெளியிடும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, "என் மகள் ஏன் சிரிக்கவில்லை?" என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்கிறார்கள். நீங்கள் அப்படிக் கேட்க வேண்டாம். அதற்குப் பதிலாகப் போகும் முன்பே அவளுக்கு மூன்று விஷயங்களைக் கற்றுக்கொடுங்கள். தன் தலையைத் தானே பின்னத் தெரிய வேண்டும். மாலையில் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் தடவி உண்ணி பார்க்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே மான் உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும். நீங்கள் எழுதத் தயங்கியிருக்கலாம், நானே சொல்கிறேன்: மாதவிலக்கைப் பற்றி இப்போதே பேசி, பெட்டியில் நாப்கினும் வைத்துவிடுங்கள். முதல் மாதவிலக்கோடு என்னிடம் வந்து நின்ற பெண்களை மூத்த பெண்கள் தோளில் கைபோட்டு அழைத்துப்போனதைத்தான் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் ஒதுக்கி உட்காரவைக்கவில்லை.

என் மகள் முதல் ஆண்டு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. நானும் அதே முகாமில் இருந்தாலும், அங்கே அவளுக்கு அம்மா இல்லை, செவிலியர் மட்டும்தான் என்று இயக்குநர் முதலிலேயே சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் படுக்கையில் இருந்து கடிதம் எழுதும் ஓய்வு நேரத்தில், மூன்று நாள் தொடர்ந்து வயிற்றுவலி என்று என் குடிலுக்கு வந்தாள். பிரியாத சிக்கோடு தலை, கையில் சீப்பு. காய்ச்சல் பார்த்தேன், இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, உன் குடிலில் மூத்த அக்காவிடம் பின்னிவிடச் சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டு, மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நான்காம் நாள் அவள் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் எழுதிய கடிதம் வுஸ்டருக்குப் போய், நான் ஆகஸ்டில் வீடு திரும்பியபோது குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. "அப்பா, இன்னைக்குச் சாப்பாட்டுக் கூடத்துல அம்மாவைப் பார்த்தேன். நல்லா இருக்காங்க. நீங்க கவலைப்படாதீங்க" என்று எழுதியிருந்தாள்.