பழைய மேனுவல் லென்ஸ்களை மட்டும் நம்பிப் பயணம் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதது) வாங்கி அதிக நாள் ஆகவில்லை, கையில் பழைய லென்ஸ் ஒன்றிரண்டு இருக்கிறது, பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தும் அடாப்டர் வந்து சேர்ந்த கையோடு பெட்டி கட்டப்போகிறீர்கள் என்று தோன்றுகிறது. கையால் ஃபோகஸ் செய்து முடிப்பதற்குள் காட்சி கைநழுவிவிடுமோ என்பது உங்கள் கவலை. எனக்கும் அதே கவலைதான் இருந்தது. ஆனால் என் படங்களைக் கெடுத்தவை வேறு இரண்டு விஷயங்கள். அவற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பது நாள் மலைப்பயணம் போனேன். சோனி ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று, ஒலிம்பஸ் ஓஎம் வரிசையின் சூய்க்கோ லென்ஸ்கள் இரண்டு: 28 மி.மீ. எஃப் 3.5, 135 மி.மீ. எஃப் 3.5. மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலமாக விழும், பெரிதானால் தொலைவில் இருப்பது நெருங்கி வரும். எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிதாகத் திறக்கும். ஓஎம் வரிசை 1972இல் வந்தது. எஸ்எல்ஆர் கேமராவை, அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவை, சிறிதாக்கியே தீர வேண்டும் என்று ஒலிம்பஸ் வடிவமைப்பாளர் மைதானி யோஷிஹிசா பிடிவாதமாக உருவாக்கியது. அந்தச் சிறிய உருவத்துக்காகவே நான் இந்த லென்ஸ்களைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கும் ஒரே 49 மி.மீ. ஃபில்டர் பொருந்தும். மேல்சட்டைப் பையில் ஒன்று, கேமராவில் ஒன்று, அவ்வளவுதான் சுமை.

இரண்டாம் நாள் விடியற்காலை. எதிரே பனிமலை, சிகரத்தில் மட்டும் வெளிச்சம் ஏறுகிறது. வெளிச்சம் போதாததால் 28 மி.மீ. லென்ஸை எஃப் 3.5இல் முழுதாகத் திறந்துவைத்தேன். ஃபிலிம் காலத்துப் பழக்கப்படி ஃபோகஸ் வளையத்தை மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறிவரை, அதாவது படுத்துக்கிடக்கும் எட்டுவரை, முட்டும்படி திருப்பிவிட்டு எடுத்துத் தள்ளினேன். அறுபதுக்கு மேற்பட்ட படங்கள். அன்றிரவு பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில்கூட மலையின் விளிம்பு கூர்மையாக இல்லை. எல்லாம் பாலாடை படிந்தது போல் இருந்தன.

லென்ஸைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பாவம், அதன் மேல் குற்றமே இல்லை. ஓஎம் லென்ஸுக்குத் தன் பின்புற விளிம்பிலிருந்து ஃபிலிம்வரை 46 மி.மீ. இடைவெளி வேண்டும். சோனி கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாயான இ மவுண்டில் இருப்பது 18 மி.மீ. கண்ணாடி இல்லாத கேமராவில் மிஞ்சும் அந்த 28 மி.மீ. இடத்தை அடைக்கும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். குழாய் இம்மி நீண்டுவிட்டாலும் தொலைவில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. அந்தப் புகார் வரக்கூடாது என்று தயாரிப்பவர்கள் பெரும்பாலும் சற்றுக் குட்டையாகவே செய்துவிடுகிறார்கள். அதனால் வளையம் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். குறியில் முட்டும்வரை திருப்பினால் ஃபோகஸ் மலையைக் கடந்து எங்கோ போய்விடும். என் அடாப்டர் கணக்குப்படி 0.15 மி.மீ. குட்டை. அந்தச் சிறு பிழையில் 28 மி.மீ. லென்ஸின் உண்மையான முடிவிலி 5 மீட்டர் எண்ணுக்கு வந்துவிட்டது! 135 மி.மீ. லென்ஸிலோ அதே பிழை வளையத்தில் ஒரு மயிரிழை நகர்வு மட்டுமே. லென்ஸின் மி.மீ. எண் குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

"சோதிக்காமல் போனது உன் தவறுதானே?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: சோதித்தேன். ஆனால் அறைக்குள், மூன்று மீட்டரில் இருந்த புத்தக அலமாரியை வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்துச் சோதித்தேன். அங்கே எல்லாம் கத்திபோல் கூர்மையாக வந்தது. தொலைவில் ஒரு கோபுரத்தையோ விளக்குக் கம்பத்தையோ வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அப்போது தெரியாது. வண்ண விளிம்பு காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பினேன் என்பதும் உண்மை. அகலக் கோணத்தில் அது பாதிப் படத்துக்கு வண்ணம் பூசிவிடும். பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றுதான் நம்பகம்.

காலையிலேயே திரையைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்த மலை தப்பியிருக்கும். பார்க்க விட்டால்தானே! குழுப் பயணத்தின் வழிகாட்டி, "பத்து நிமிடம், பத்து நிமிடம்" என்று கைதட்டிக்கொண்டே நின்றார். அதே மனிதர் மதியம் ஒரு சால்வைக் கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் கண்டுகொள்ளவில்லை. மலையைப் பார்க்கத்தான் இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். சூரிய உதயத்துக்குப் பத்து நிமிடம், வியாபாரத்துக்குத் தொண்ணூறு நிமிடம் என்பது என்ன நியாயம்? கேள்விக்குத் தொடர்பில்லாத விஷயம்தான். ஆனாலும் நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இரண்டாவது விஷயம் ஸ்டெபிலைசேஷன், அதாவது கை ஆட்டத்தை ஈடுகட்ட, படத்தைப் பதியும் சென்சாரைக் கேமரா நகர்த்தும் வசதி. பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால் எத்தனை மி.மீ. என்பது கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் நாம்தான் எண்ணை இட வேண்டும். ஒரு மாலை 135ஐக் கழற்றி 28ஐ மாட்டினேன், எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். சென்சார் 135 மி.மீ. லென்ஸுக்கு உரிய அளவில், அதாவது தேவையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு நகர்ந்து, இல்லாத ஆட்டத்தைப் படத்தில் உண்டாக்கிவிட்டது. சந்து விளக்குகள் எல்லாம் இரட்டையாக விழுந்தன. அன்று முதல் அந்த எண்ணை மாற்றும் வசதியைக் கேமராவின் பின்புறப் பொத்தான் ஒன்றில் வைத்துவிட்டேன். லென்ஸ் மாறினால் கட்டைவிரல் தானாக அங்கே போகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் போகலாம் என்கிறேன்? மூன்றாம் நாள் காலையில் தொலைவில் தெரிந்த கோபுரம் ஒன்றைப் பெரிதாக்கி, உண்மையான முடிவிலி எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து, வளையத்தில் மெல்லிய வெள்ளை டேப்பை ஒட்டினேன். எஃப் 8இல் 28 மி.மீ. லென்ஸை 3.3 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். என் அடாப்டரில் அந்த 3.3 மீட்டர், வளையத்தின் 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே இன்னொரு டேப். பிறகு மூன்று நாள் ஃபோகஸ் வளையத்தை நான் தொடவே இல்லை.

ஆறாம் நாள் ஓடத்தில் ஆற்றைக் கடந்தோம். கரை நெருங்கியபோது ஓடக்காரர் ஈரக் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே எழுந்தார். எனக்கும் அவருக்கும் இரண்டு மீட்டர் இருக்கும். கயிற்றை வீசப்போகிறார் என்று அவர் தோள் சொல்லிற்று. கேமராவை உயர்த்தினேன், அழுத்தினேன். கயிறு காற்றில் பாதி அவிழ்ந்து நிற்கிறது, அதன் பிரிகளிலிருந்து தெறித்த நீர்த்துளிகள் அவர் முகத்துக்கும் கரைக்கும் நடுவில் வரிசையாக நிற்கின்றன. ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்த நேரம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

ஆட்டோ ஃபோகஸை நான் பழிக்கவில்லை. ஓடும் குழந்தை, பறவை, விழா மேடை என்றால் அதுதான் சரி. உங்களோடு சின்னக் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் ஓர் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். "ஓரங்கள் மங்கல், எதற்கு இந்தப் பழைய இரும்பு?" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்காகச் செய்த அகலக் கோண லென்ஸ்களில் அது பெரும்பாலும் நியாயமான புகார். சென்சார் முன்னுள்ள தடித்த கண்ணாடியில் சாய்ந்து விழும் ஒளி சிதறுகிறது. எஸ்எல்ஆர் லென்ஸ்களில் அவ்வளவு இல்லை. எஃப் 8இல் என் சூய்க்கோவின் ஓரங்கள் எனக்குப் போதும்.

கிளம்புமுன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். அடாப்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளத்தால், அதுவே படத்தை வெளிறச் செய்யும், மங்கிய கறுப்புத் தாளை உள்ளே ஒட்டுங்கள். அடுத்து, லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் வசதியை மெனுவில் தேடி இயக்கிவையுங்கள். அது அணைந்திருந்தால் லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும், பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு படம்கூட எடுக்காது.